விசேஷணம் வேண்டாத வீரம்

யுத்தத்தில் மாண்டவர்களின் சரித்திரச் சுருக்கங்களை எழுதுவதைத் தொழிலாகக் கொண்டவனுக்கு, முதிர்ந்த தளபதிகளைக் காட்டிலும் இளம் அதிகாரிகளைப் பற்றி எழுதுவதே பெரும் பிரயாசை. தளபதிக்குப் பல போர்களும் பதவிகளும் உண்டு. இளைஞனுக்கோ பள்ளிக்கூடம், பயிற்சி, பட்டாளத்தில் சில வருஷங்கள் என்பதோடு விஷயம் தீர்ந்துவிடுகிறது. அந்த வெறுமையைக் கண்டு மிரளும் பேனா 'சிங்கம்', 'சூராதி சூரன்' என்ற விசேஷணங்களை நாடி ஓடும். அதைத் தடுத்து நிறுத்துவதே இத்தொழிலின் முதற்பாடம்.

காப்டன் குர்பச்சன் சிங் ஸலாரியாவைப் பற்றி எழுதுகையில் நான் அவருடைய பிறப்பிலிருந்து தொடங்குவதில்லை. ஒரு சாலையிலிருந்து தொடங்குகிறேன். 1960 ஜூன் 30 அன்று பெல்ஜியத்தினிடமிருந்து சுதந்திரம் பெற்ற காங்கோவிலிருந்து, தாது வளம் மிக்க கடாங்கா மாகாணம் இரண்டே வாரங்களுக்குள் பிரிந்துபோவதாக அறிவித்ததும், ஐக்கிய நாடுகளின் சேனையில் இந்தியப் படையும் அங்கே சென்றதும், 1961 டிசம்பர் 5 அன்று எலிஸபெத்வில் நகரில் ஐ.நா. தலைமையகத்துக்கும் விமான நிலையத்துக்கும் இடையிலிருந்த சாலையைக் கடாங்கா படையினர் மறித்து நின்றதும் வாசகர் மனத்தில் பதிந்த பிறகே வீரத்தைப் பற்றிய பேச்சுக்கு அர்த்தம் உண்டாகிறது.

பிறகு எண்களே பேசும். ஸலாரியாவுடன் இருந்த கூர்க்கா வீரர்கள் 16 பேர். எதிரே ஏறத்தாழ 90 பேரும் இரண்டு கவச வண்டிகளும். ராக்கெட்டால் அவ்வண்டிகளைச் சிதைத்துவிட்டு, துப்பாக்கிச் சனியன்களோடும் குக்ரிக் கத்திகளோடும் பாய்ந்தார்கள். எதிர்த்தரப்பில் 40 பேர் மாண்டதாக விருது அறிக்கை கூறும். கழுத்தில் குண்டு பாய்ந்தும் ரத்தம் வடிந்து சாயும்வரை போரிட்ட ஸலாரியாவுக்கு 26 வயது நிறைந்து ஒரு வாரமே ஆகியிருந்தது. அந்தப் பதினாறு பேரைச் சொல்லாமல் தலைவனை மட்டும் பாடுவதும், மாண்ட நாற்பது பேரை மனிதர்களல்லாதவர்களாகச் சித்திரிப்பதும் ஸத்தியத்துக்கு விரோதமானவை என்பது என் அபிப்பிராயம்.

இன்னொரு பிரலோபமும் உண்டு. ஸலாரியா பிறந்த ஷகர்கட் பகுதி, 1947-ல் பாகிஸ்தானுக்குப் போயிற்று. குடும்பம் குர்தாஸ்பூர் ஜில்லாவில் குடியேறியது. தேசப்பிரிவினையில் பிறந்த மண்ணை இழந்தவர், வேறொரு தேசம் துண்டுபடாமல் காக்கும் பணியில் உயிர் நீத்தார் என்று காணும்போது, அந்த எண்ணமே கடைசி நொடியில் அவர் நெஞ்சில் ஓடியதாக எழுதிவிடக் கை துடிக்கிறது. அவர் அப்படி நினைத்தார் என்பதற்கு ஆதாரம் ஏது? இரு செய்திகளையும் அருகருகே வைத்துவிட்டு விலகி நிற்பதே எழுதுபவனுக்குரிய மரியாதை. மீதியை வாசகர் தாமே உணர்ந்து கொள்வார்.

அவருக்குப் பரம வீர சக்ரம் வழங்கப்பட்டது. ஐக்கிய நாடுகளின் கொடியின் கீழ்ப் போரிட்டு அவ்விருதைப் பெற்ற இந்தியர் அவர் ஒருவரே. இதற்குமேல் ஒரு விசேஷணத்தைச் சேர்த்தால் அவர் கீர்த்தி வளராது. எழுதியவனின் அவநம்பிக்கையே வெளிப்படும்.