மூடிக்குக் கீழே

தம்பி பையன் லேப்டாப்பைக் கொண்டுவந்து முன்னால் வைத்தான். "பெரிப்பா, நீ சொல்வியே ஒரு பழைய கேமு, இதானா பாரு."

அதேதான். 'ஐ ஆஃப் தி பிஹோல்டர்'. 1991-ல் அமெரிக்காவில் வெஸ்ட்வுட் என்ற கம்பெனி செய்தது. நான் பார்த்தது 1994-ல், துறைமுகத்துப் பக்கம் ஒரு கிளியரிங் ஆபீசில். பகலில் பெருக்கித் துடைப்பதும் டீ வாங்கி வருவதும் என் வேலை. ராத்திரி காவலுக்கும் என்னையே படுக்கச் சொல்வார்கள். பகலில் நான் உட்காரக் கூடாத நாற்காலியில் ராத்திரி உட்கார்ந்து விளையாடினேன். பிளாப்பியை யாரோ பர்மா பஜாரில் வாங்கிப் போட்டிருந்தார்கள்.

வாட்டர்டீப் என்று ஒரு ஊர். ஊருக்கு அடியில் ஏதோ கேடு. ஊரை ஆள்கிறவர்கள் நாலு பேரைக் கூப்பிட்டு சாக்கடைக்குள் இறங்கச் சொல்கிறார்கள். இறங்கியதும் பின்னால் வழி இடிந்து மூடிக்கொள்ளும். அப்புறம் கட்டம் கட்டமாக நடக்க வேண்டியதுதான்.

எங்க நைனாவும் சாக்கடையில் இறங்கினவர்தான். ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, அவர் இறங்காத மேன்ஹோல் கிடையாது. வீட்டுக்கு வந்தால் வாசலிலேயே குளித்துவிட்டுத்தான் எங்களைத் தொடுவார். பள்ளிக்கூடத்தில் என்னை எங்கே உட்கார வைத்தார்கள் என்பதைத் தனியாகத்தான் எழுத வேண்டும். அதே சாக்கடையில் கத்தியும் கேடயமுமாக ஒருத்தன் இறங்கினால் அது வீரம். அன்றைக்கு எனக்குக் கோபம் வரவில்லை. நம்ம வேலையை வைத்து ஒருத்தன் கதை பண்ணியிருக்கானே என்று சந்தோஷமாகத்தான் இருந்தது.

கோபம் வந்தது வேறு இடத்தில். ஆட்டம் தொடங்கும்போது ஆளைப் படைக்க வேண்டும். முதலில் பிறப்பு, பிறகுதான் தொழில். குள்ளனாகப் பிறந்தவன் சண்டை போடலாம், பூசாரி ஆகலாம், திருடலாம். மந்திரவாதி ஆக முடியாது. பலாடின் என்கிற புனித வீரன் பதவி மனிதப் பிறப்புக்கு மட்டும். இதை அமெரிக்காக்காரனுக்கு யார்ரா சொல்லிக்கொடுத்தது என்று ராத்திரி பூரா யோசித்தேன்.

இப்போது இந்தப் பழைய ஆட்டத்துக்கு ரசிகர்கள் உயிர் கொடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். 2002-ல் வந்த டாஸ்பாக்ஸ், பழைய கம்ப்யூட்டர் மாதிரியே நடித்து அதை ஓட்டுகிறது. 1982-ல் வந்த கமோடோர் 64 எந்திரத்துக்குக்கூட 2022-ல் திருப்பிச் செய்துவிட்டார்கள். காசுக்காக இல்லை. சுவரும் பொத்தானும் பழைய இடத்திலேயே இருக்கணும் என்ற பிரியம். டாஸ்பாக்சில் குள்ளனுக்குப் போட்ட விதியும் பழைய இடத்திலேயே இருக்கிறது. விதிப்புத்தகம் எழுதுகிறவர்களே 2000-ல் அந்தத் தடையை எடுத்துவிட்டார்கள். பழசைக் காப்பாற்றும்போது அதுவும் கூடவே வந்துவிடுகிறது. நமக்கு இது தெரியாத சங்கதியா.

ஆட்டத்தில் செத்தவன் எலும்பைச் சுமந்து போனால் பூசாரி உயிர் கொடுப்பான். இங்கே 2014-ல் சுப்ரீம் கோர்ட், 1993 முதல் சாக்கடையில் செத்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்றது. 2023-ல் அது 30 லட்சம் ஆனது. நைனாவின் கூட்டாளி ஒருத்தர் விஷவாயுவில் போனபோது காண்ட்ராக்டர் கொடுத்தது பாடைச் செலவுக்கு மட்டும்.

பையன் சும்மா இருக்கவில்லை. 2012-ல் இதே வகையில் வந்த 'லெஜண்ட் ஆஃப் கிரிம்ராக்' ஆட்டத்தோடு ஒரு கருவி இருக்கிறது. நாமே பாதாளம் கட்டலாம். "தாத்தா, ராயபுரம் சாக்கடையக் கட்டப்போறேன், வழி சொல்லு" என்று உட்கார்ந்துவிட்டான்.

நைனா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"மூடியத் தொறந்து எவ்ளோ நேரம் கயிச்சி எறங்கனானுங்க?"

"தொறந்தவுடனே தாத்தா."

"செத்தானுங்க. கரப்பான் உயிரோட கீதா பாத்தானுங்களா?"

அப்புறம், "இவ்ளோ நடக்க ஏதுடா எடம்? கய்த்து வரைக்கும் நின்னுக்குனு காலால அடைப்பத் தேடணும்" என்றார். பையன் ஒரு வழியை அழித்தான். "இதுவும் இல்ல." இன்னொன்றை அழித்தான். கடைசியில் திரையில் ஒரே ஒரு கட்டம் மிஞ்சியது.

"இப்ப செரி. மேல ரெண்டு பேரு கயித்தப் பிடிச்சிக்குனு நிக்கணும். அவுங்களப் போடு."