விழுந்த பிறகு

'கீழே விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை' என்பது நம் நாட்டுப் பழமொழி. தோல்வியை ஒப்புக்கொள்ளாத வீராப்பைக் கேலி செய்யும் சொல் அது. எனக்கு மீசையும் இல்லை, வீராப்பும் இல்லை. ஜூடோ விரிப்பில் நான் விழுந்ததற்குக் கணக்கும் இல்லை. ஆனால் விழுந்த பிறகு செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. அதைக் கற்க எனக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின. அதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

என் ஊர் ஓவேலி. அம்மா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறார். விடியற்காலையில் ஓடிப் பயிற்சி செய்யலாம் என்றால் பாதையில் யானை நிற்கும். ஆகவே மாலை வகுப்பு முடிந்து, கடைசிப் பேருந்துக்கு முன் கிடைக்கும் ஒரு மணி நேரந்தான் எனக்குப் பயிற்சி. என் எடை 46 கிலோ. உடன் பயிலும் அக்காமார்கள் எல்லாரும் 57, 63 கிலோ பிரிவினர். எனவே பெரும்பாலும் நான் கீழே, அவர்கள் மேலே!

ஜூடோவை 1882-இல் ஜப்பானில் நிறுவியவர் ஜிகொரோ கானோ. நமக்கு அண்டையிலுள்ள மைசூரில் தசராக் காலத்தில் நடக்கும் குஸ்தியில், மல்லாத்தப்பட்டு முதுகு மண்ணில் பட்டால் ஆட்டம் முடிந்தது. ஜூடோவிலும் முதுகு பட வேகமாக வீசப்பட்டால் தோல்விதான். ஆனால் பக்கவாட்டிலோ முழங்காலிலோ விழுந்தால் போட்டி தரையில் தொடரும். அங்கே ஒருவரை மல்லாத்தி 20 விநாடிகள் அழுத்திப் பிடித்தால் முழு வெற்றி.

கீழே கிடப்பவர்க்கு ஓர் உரிமை உண்டு. மேலே இருப்பவரின் ஒரு காலைத் தம் இரு கால்களுக்கிடையே பின்னிக்கொண்டால் அந்த அழுத்தம் பிடியாகக் கொள்ளப்படாது. எண்ணிக்கை ஓடிக்கொண்டிருந்தாலும் நடுவர் 'தொகெத்தா' என்று கூறி நிறுத்திவிடுவார். இந்த நிலைக்கு இன்று உலகெங்கும் 'ஹாஃப் கார்டு' என்று பெயர். நாம் 'அரைக்காவல்' என்போமே.

இதைக் கற்ற நாள் எனக்குத் திருநாள். யார் மேலே விழுந்தாலும் ஒரு காலைக் கவ்விக்கொள்வேன். மல்லாந்து கிடந்தபடி பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்திருப்பேன். இனி என்னை வெல்ல யாரால் முடியும் என்று எண்ணியிருந்தேன்.

அந்த எண்ணம் முதல் கல்லூரிப் போட்டியிலேயே பறந்தது. எதிரணி மாணவியின் காலை இருமுறை பின்னினேன். இருமுறையும் முன்னேற்றம் இல்லையென்று நடுவர் எழுப்பி நிறுத்தினார். மூன்றாம் முறை அவர் அவசரப்படவில்லை. தம் மார்பின் எடையை என் மீது சாய்த்து, முழங்காலை மெல்ல மெல்ல நெகிழ்த்தி உருவினார். என் தொடை நடுங்கியது. கால் போயிற்று. பிறகு எண்ணப்பட்ட 20 விநாடிகளும் 20 ஆண்டுகளாகத் தோன்றின.

அந்தப் பருவத்தில் இரண்டு பாடங்களில் அரியரும் விழுந்திருந்தது. வீட்டுக்கு வந்து, "எனக்கு ஜூடோவும் வேண்டாம், காலேஜும் வேண்டாம். உன்கூட மலைக்கே வர்றேன்மா" என்றேன். அம்மா திட்டவில்லை. என்ன நடந்தது என்று கேட்டார். தரையில் படுத்துக் காட்டினேன். சற்று நேரம் பார்த்துவிட்டு, "ஏன் பாப்பா இப்படி மல்லாந்தே கெடக்குற? சரிவுல நேரா நின்னா உருண்டுதான் போவோம். ஒருக்களிச்சு நின்னாத்தான் கால் ஊனும்" என்றார்.

மறுநாள் உடற்கல்வி சாரிடம் இதைச் சொன்னேன். அவர் சிரித்து, "நான் ஆறு மாதமாகச் சொன்னதும் இதுதானே!" என்றார். உண்மைதான். காதில் விழுந்தது, மனத்தில் விழவில்லை.

அன்று முதல் முறையாகப் பயின்றேன். முதலில் ஒருக்களித்துப் படுக்க வேண்டும். முதுகு தரையோடு ஒட்டக்கூடாது. இரண்டாவது, மேலே உள்ள முழங்காலை எதிரியின் மார்புக்கு முன் முட்டாகக் கொடுத்து இடைவெளி காக்க வேண்டும். மூன்றாவது, மேற்கையை அவருடைய அக்குளுக்கடியில் நுழைத்து முதுகைச் சுற்றிப் பிடிக்க வேண்டும். மற்றக் கை கழுத்தைக் காக்கும். இறுதியாக, அவர் எடையை முன்னே சாய்க்கும் கணத்தில் இடுப்பை நகர்த்தி அவருக்கடியில் புகுந்து, பின்னிய காலை விடாமல், அவர் ஊன்ற முடியாத பக்கமாகப் புரட்ட வேண்டும். கீழிருந்தவர் மேலே வருவார். இங்கே கால் பிடிப்பது நங்கூரம், புரட்டுவது இடுப்பு. மூட்டுப் பூட்டு முழங்கைக்கு மட்டுமே அனுமதி என்பதால், ஜூடோவில் எதிரியின் காலை முறுக்கி வதைக்கும் பேச்சே இல்லை.

இதே பாடத்தை வேறொருவரும் கற்றிருக்கிறார். 1914-இல் பிரேசில் சென்ற ஜப்பானிய வீரர் மித்சுயோ மயேதா வழியாக அங்கே ஜியு-ஜித்சு வேரூன்றியது. பின்னர் அங்கு ரொபெர்த்தோ கோரியா என்பவருக்கு முழங்காலில் அடிபட்டது. இரு கால்களாலும் எதிரியை வளைக்கும் முழுக்காவல் அவருக்கு இயலாமற் போயிற்று. அதுவரை ஒண்டும் இடமாக இருந்த அரைக்காவலை அவர் தாக்கும் இடமாக மாற்றிக் காட்டினார்.

நம் நாட்டு யோகேஷ்வர் தத்தையும் நினைக்கிறேன். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் 60 கிலோ மல்யுத்தம். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. வெண்கலப் போட்டியில் வட கொரிய வீரரின் இரு கணுக்கால்களையும் பின்னிப் பிடித்து மீண்டும் மீண்டும் உருட்டி வென்றார். அவரும் கால்களைப் பிடித்ததோடு நிற்கவில்லை, உருட்டினார்.

அடுத்த ஆண்டுப் போட்டியில் மீண்டும் கீழே விழுந்தேன். ஒருக்களித்தேன். கை உள்ளே போயிற்று. எதிரி சாய்ந்தார், புரட்டினேன். வாழ்வில் முதன்முறையாக மேலே இருந்து எண்ணிக்கையைக் கேட்டேன். பதினான்காம் விநாடியில் "தொகெத்தா!" என்றார் நடுவர். கீழே கிடந்த அந்த மாணவி என் காலைப் பின்னியிருந்தார்! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பத்து விநாடி கடந்ததால் 'வாஸா-அரி' புள்ளி கிடைத்து, அதனால் வென்றேன். அடுத்த சுற்றில் தோற்றேன். அரியர் இரண்டில் ஒன்றை முடித்துவிட்டேன்; மற்றொன்றுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

நண்பர்களே! நம்மில் பலர் மலையிறங்கிப் படிக்க வருகிறோம். விடாமல் பிடித்திருப்பதே பெரிது என்று நினைக்கிறோம். பிடி நமக்குத் தருவது சிறிது நேரம்; அந்த நேரத்தில் திரும்பிப் படுக்கவும், கையை நுழைக்கவும், புரளவும் நாம்தான் முயல வேண்டும். எங்கள் விரிப்பில் இன்னும் இடமிருக்கிறது. மாலையில் வாருங்கள், தங்கைகளே. விழக் கற்றுக்கொடுப்பதிலிருந்தே தொடங்குவோம்.