அரைபட்ட கல்

வரிப்பத்தான்சேனையில் எங்கள் குசினியில் ஓர் அம்மி கிடக்கிறது. நடு குழிந்து, ஒரு மூலை உடைந்த அம்மி. அம்மி பொளிய வந்தவரின் உளி தவறிப் பெயர்த்த மூலை அது. உம்மா அந்தத் துண்டை எறியவில்லை. குசினிக் கதவுக்கு அடை கொடுத்து வைத்திருந்தா.

அப்போது நான் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் புவிச்சரிதவியல் படித்துக்கொண்டிருந்தேன். விடுமுறை முடிந்து திரும்புகையில் அந்தத் துண்டைப் பையில் வைத்ததைக் கண்டு உம்மா சிரித்தா.

“இஞ்ச அரைபட்டது காணாதெண்டு அங்கயும் கொண்டுபோய் அரைக்கப் போறியா மனெ?”

உண்மையில் அரைக்கத்தான் கொண்டுபோனேன். கல்லை நுணுக்குக்காட்டியில் படிக்க வேண்டுமானால் அதனூடே ஒளி புக வேண்டும். அதற்கு அதை 0.03 மில்லிமீற்றர் தடிப்புக்குத் தேய்க்க வேண்டும். தலைமயிரை விட மெல்லியது. வைரம் பதித்த வாளால் சிறு சீவலாக அறுத்து, ஒரு முகத்தைக் காபொரண்டம் தூளும் நீரும் இட்டு மட்டமாக்கி, கண்ணாடி வழுக்கியில் பசையிட்டு ஒட்டுவோம். பசைக்குள் ஒரு காற்றுக் குமிழியும் தங்கக் கூடாது. பிறகு மறுமுகத்தை அறுத்துக் குறைத்துவிட்டு மீண்டும் தேய்ப்பு. தூள் 220, 400, 600 என நுணுகிக்கொண்டே போகும்.

கடைசிக் கட்டத்தில் விரல்நுனிதான் துணை. முனைவாக்கிய ஒளியில் குவாட்ஸ் மஞ்சளாகத் தெரிந்தால் கல் இன்னும் தடிப்பு. வெளிறிய சாம்பல் நிறத்துக்கு வந்தால் சரி. அதற்குமேல் கொஞ்சம் கூடினாலும் கல்லே இராது.

எனக்குக் கூடிவிட்டது. கழுவிப் பார்த்தேன், கையில் இருந்தது வெறும் கண்ணாடி.

மிஞ்சிய துண்டில் இன்னொன்றுக்குத்தான் இடமிருந்தது. அன்று, தங்கச்சிக்குச் சம்பல் அரைக்கப் பழக்கியபோது உம்மா சொன்னது ஞாபகம் வந்தது: “அமத்தாத புள்ள, கல்லுட பாரமே காணும்.” நானும் அமத்தவில்லை. சாம்பல் நிறம் வந்தது.

1849இல் இங்கிலாந்தில் ஹென்றி கிளிப்டன் சோர்பி இவ்வாறு கல்லைத் தேய்க்கத் தொடங்கியபோது, மலையை நுணுக்குக்காட்டியால் பார்ப்பதா என்று சிரித்தவர்கள் உண்டு. கலை வரலாற்றாளராக நாம் அறிந்த ஆனந்த குமாரசுவாமியும் 1903 முதல் 1906 வரை இலங்கையின் கனிப்பொருள் அளவைக்குத் தலைமை தாங்கி, நம் நாட்டுக் கற்களைப் பார்த்தவர்தான்.

நான் கண்டது பச்சை ஹோர்ன்பிளெண்ட், கபில நிறப் பயோட்டைற்றின் வரிகள், அவற்றிடையே குவாட்ஸ். மேடையைச் சுழற்றினேன். குவாட்ஸ் மணிகள் ஒரேயடியாக இருளவில்லை. அலை அலையாக இருண்டன. பெரும் அழுத்தத்தில் நெரிபட்டதன் அடையாளம் அது. எங்கள் அம்பாறைப் பகுதி விஜயன் தொகுதிப் பாறைகளின் மேல் இருக்கிறது. ஏறத்தாழ நூறு கோடி ஆண்டுப் பழமையுள்ள அவை, 55 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் கண்டங்கள் மோதி ஒன்றானபோது மீண்டும் வெந்து நசுங்கியவை. அம்மியாகு முன்பே அந்தக் கல் அரைபட்டுத்தான் வந்திருக்கிறது.

அடுத்த விடுமுறையில் வழுக்கியை உம்மாவிடம் கொடுத்தேன். விளக்குக்கு நேரே பிடித்து நெடுநேரம் பார்த்தா.

“இதுக்குள்ள நம்மட கொச்சிக்கா ஒண்டும் தெரியல்லியே?”

உம்மா இப்போது இல்லை. அம்மியின் குழியைப் பார்க்கும்போதெல்லாம் அதில் குறைந்த கல் எங்கே போனதென்று யோசிக்கிறேன். எங்கள் சோற்றோடுதான் போயிருக்கிறது.

என் பெட்டியில் இரண்டு வழுக்கிகளும் இருக்கின்றன. ஒன்றும் இல்லாத அந்த முதலாவதையும் நான் எறியவில்லை.