மாறிக்குள் என்ன கிடக்கு?

செவ்வாய், ஒக்ரோபர் 14

சனசமூக நிலையத்தில் மாலை வகுப்பு. உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் எடுக்கிற பிள்ளை ஒருத்தி, பாடசாலை மழைமானிக் கணக்கைக் கூட்ட பைதனில் ஒரு சின்னச் செய்நிரல் எழுதிக் கொண்டுவந்தாள். மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைத்திருந்தாள்: மழை1, மழை2, மொத்தம். பைதன் இதை ஏற்கும் என்று பல பிள்ளைகளுக்குத் தெரியாது. பார்க்க எனக்குப் பெரிய சந்தோசம்.

பரீட்சித்துப் பார்க்க 5, 7 என்று கொடுத்தாள். மொத்தம் 57.

"எல்லாம் சரியாத்தானே கிடக்கு ரீச்சர்?"

கூட்டுவதற்கு முந்திய வரியில் இரண்டு மாறியையும் பிரின்ற் பண்ணச் சொன்னேன். 5 வந்தது, 7 வந்தது. முகம் இன்னும் சுருங்கியது. பிரின்ற் போட்டும் பயனில்லை என்று பிள்ளைகள் கைவிடுகிற இடம் இதுதான். விசைப்பலகையில் தட்டி உள்ளே போவது எதுவானாலும் பைதனுக்கு அது எழுத்துச் சரம். எண் 5ஐயும் எழுத்து 5ஐயும் பிரின்ற் ஒரே மாதிரித்தான் காட்டும். மாறியை ரெப்ர் என்பதற்குள் போட்டு அச்சிடச் சொன்னேன். '5' என்று மேற்கோள்குறியோடு வந்து நின்றது.

"இது எழுத்தெல்லோ!"

நான் ஒன்றும் விளக்கவில்லை. அவளே இன்ற் போட்டு எண்ணாக்கினாள். 12 வந்தது.

வியாழன், ஒக்ரோபர் 16

மழை, வகுப்பில்லை. பழைய நினைவுதான் வந்தது. 1990களின் முற்பகுதியில் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் இருக்கவில்லை. அந்த நாளில் எங்களுக்குப் பாஸ்கல் மொழி படிப்பித்த அண்ணையிடம் கணனியும் இல்லை. கரும்பலகையில் செய்நிரலை எழுதுவார். நாங்கள் கொப்பியில் கோடு கீறி, ஒவ்வொரு மாறிக்கும் ஒரு நிரல் ஒதுக்கி, வரி வரியாகப் பெறுமானத்தை மாற்றி எழுதிக்கொண்டு போவோம். இரவில் ஜாம் போத்தல் விளக்குத்தான். மண்ணெண்ணெய் விற்ற விலைக்கு, அந்தத் திரியை வீணாக எரியவிட ஒருவருக்கும் மனம் வராது. ஆகவே அடுத்த பெட்டியில் என்ன வரவேண்டும் என்று முதலிலேயே யோசித்து வைத்திருப்போம். பிரின்ற் போடுகிற பிள்ளையிடம் நான் இன்றைக்கும் கேட்பது அதைத்தான்: ஓட்ட முதல், என்ன வரும் என்று நினைக்கிறீர்? எழுதும். எதிர்பார்ப்பு எழுதப்படாவிட்டால் திரையில் விழும் எண் எதுவானாலும் சரி போலத்தான் தெரியும்.

அச்சிட்டுப் பார்க்கும் இந்த முறை கணனியின் தொடக்கத்திலிருந்தே வருவது. கேம்பிரிட்ஜில் எட்சாக் என்ற கணனி 1949இல் ஓடத் தொடங்கியது. அதில் ஒரு செய்நிரல் எந்தெந்தக் கட்டளை வழியாகப் போகிறது என்பதை, ஓட ஓட அச்சிட்டுக் காட்டும் வழியை 1951இல் ஸ்டான்லி கில் கட்டுரையாக எழுதினார். 1979இல் யூனிக்ஸ் பழகுவோருக்கு எழுதிய பிரையன் கெர்னிகனும், நிதானமாக யோசிப்பதையும் தக்க இடத்தில் பெறுமானத்தை அச்சிடுவதையுந்தான் சிறந்த கருவியாகச் சொன்னார். செய்நிரலை இடையில் நிறுத்திப் பார்க்கும் மென்பொருள்கள் இன்று தாராளமாகக் கிடைக்கின்றன. முதல் வருசத்துப் பிள்ளைக்கு அவற்றைக் காட்ட எனக்கு விருப்பமில்லை. எங்கே பார்ப்பது என்ற கேள்வியை அவள் முதலில் தானே கேட்டுப் பழகவேண்டும்.

சனி, ஒக்ரோபர் 18

இப்போது பன்னிரண்டு மாதம், ஒரு சுற்று, ஒவ்வொரு மாத எண்ணுக்கும் ஒரு பெறுமானம். ஆண்டு மொத்தம் குறைகிறது என்றாள். வழுச் செய்தி எதுவும் இல்லை. பிழை காட்டாமல் பிழையான விடை தருகிற செய்நிரலைப் போல ஆபத்தானது வேறில்லை.

போன முறை பலித்ததாலே வரிக்கு வரி பிரின்ற் போட்டு வந்திருந்தாள். பெயரில்லாத எண்கள் திரை நிறைய ஓடின. எது மாதம், எது மழை என்று அவளுக்கே தெரியவில்லை. எல்லாவற்றையும் எடுக்கச் சொல்லி, சுற்றுக்குள் ஒரே ஒன்று போடச் சொன்னேன். மாதம், மழை, மொத்தம் மூன்றும் பெயரோடு வரவேண்டும். மழைக் கணக்கையும் ஒதுக்கிவிட்டு எல்லா மாதத்துக்கும் 1 கொடுக்கச் சொன்னேன். கொப்பியில் 12 என்று எழுதிவிட்டு ஓட்டினாள்.

கடைசி வரி: மாதம் 11, மழை 1, மொத்தம் 11.

"டிசம்பர் எங்க?"

சுற்றின் ரேஞ்சுக்கு 1, 12 என்று கொடுத்திருந்தாள். இரண்டாவது எண்ணுக்கு முந்தியதோடு பைதன் நின்றுவிடும். வருடம் முழுக்க ஓடும் ஆறில்லாத இந்தக் குடாநாட்டில் ஐப்பசி தொடங்கி மார்கழி வரை பெய்கிற மழைதான் சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கிக் கிணற்றுக்கு வருகிறது. டிசம்பர் விட்டுப்போன கூட்டல் தோட்டக்காரனுக்கு எதற்கு? அவள் வீட்டிலும் வெங்காயத் தோட்டம் இருக்கிறது. இதைச் சொல்ல அவளே முந்திக்கொண்டாள்.

12ஐ 13 ஆக்கினாள். மொத்தம் 12. பிரின்ற் வரியை அழிக்காமல் முன்னால் ஒரு குறியிட்டு உறங்கவைத்தாள். உண்மைக் கணக்கைப் போடும்போது தேவைப்படும் என்றாள், அது சரிதான். அந்தக் கணக்கில் விடுமுறை நாட்களுக்கு எதிரே வெறும் கட்டங்கள் கிடக்கின்றன. அளக்காத நாளைப் பூச்சியம் என்று போடுவதா, விட்டுவிடுவதா என்று கேட்டாள். பூச்சியம் போட்டால் மழை பெய்யவில்லை என்று ஆகிவிடும் என்றேன். வெறும் கட்டத்தை மாறிக்குள் எப்படி வைப்பது என்பதுதான் அடுத்த சனிக்கிழமை வகுப்பு.