பாசி செத்த ஏரியில் மீன்

வெள்ளிமலைப் பக்கம் இடுப்பளவுக்கு மேல் தண்ணீர் நிற்காத சின்ன ஏரி ஒன்றில் தூண்டில் போடுவது என் பழக்கம். கோடை முழுக்க அதில் வேலம்பாசி மண்டிக் கிடக்கும். மீனைத் தேடவே வேண்டாம். பாசிக்கு இடையில் தெரியும் சந்தில் மண்புழுவை இறக்கினால் போதும். ஐப்பசி மழையில் கல்வராயன் சரிவுகளின் கலங்கல் இறங்கிவிட்டால் நிலைமை வேறு. கலங்கலுக்குள் வெயில் புகாது, அடியிலிருக்கும் பாசி அழுகும். கார்த்திகைக்குள் ஏரி மொட்டை.

“மீனெல்லாம் போயிடுச்சு” என்று நரம்பைச் சுருட்டுகிறவர்கள் உண்டு. எங்கே போகும்? கீழே, கச்சிராயப்பாளையத்தை ஒட்டிய கோமுகி அணை என்றால் 46 அடி வரை தண்ணீர் தேங்கும், ஒதுங்க ஆழம் உண்டு. இங்கே அதுவும் கிடையாது.

கரையில் மாடு மேய்க்கும் பெரியவர்தான் ஒருநாள் சொன்னார்: “தம்பி, பாசி இருந்தா பாசியப் பாரு. இல்லன்னா தரையப் பாரு.” அவர் கைகாட்டியது கரையடிப் பள்ளத்தை. கரை போட மண்ணை ஏரிக்குள்ளிருந்தே வெட்டியிருப்பார்கள். முழ ஆழம் கூடுதலாக இருக்கும். பிறகு மதகடிக் கல், பழைய ஓடைத்தடம், தண்ணீருக்குள் நிற்கும் மரக்கட்டை. கெண்டையும் கெளுத்தியும் அங்கேதான் அடைந்திருக்கும். அதுவரை பாசியின் மேற்பரப்பைத்தான் நான் ஏரி என்று நினைத்திருந்தேன் போல.

ஆனால் பாசி அழுகும் நாட்களில் பள்ளத்தையும் நம்பிவிட முடியாது. அழுகல் தண்ணீரிலிருக்கும் பிராணவாயுவை உறிஞ்சிவிடும். விடியலுக்குச் சற்று முன்புதான் தட்டுப்பாடு அதிகம். மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கும். அப்போது ஓடைத் தண்ணீர் விழும் வாயில்தான் கூட்டம். அந்த வேளையில் தூண்டில் போட எனக்கு மனம் வருவதில்லை, அது வேட்டையே இல்லை. விராலுக்கு மட்டும் இந்தக் கவலை குறைவு. அது காற்றை நேரடியாக விழுங்கும் மீன். மேலே வரவிடாமல் அடைத்தால்தான் மூச்சுமுட்டிச் சாகும். பாசி இல்லாத ஏரியில் அது மேலெழும் குமிழி தூரத்திலிருந்தே தெரியும்.

மாசியில் தண்ணீர் கொஞ்சம் தெளிந்ததும் கரையோரம் வட்ட வட்டமாகக் குழிகள் தென்படும். ஜிலேபிக் கெண்டையின் வேலை. 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட இந்த மீன் குழி பறித்து முட்டையிடும், தாய் அதை வாயில் அள்ளிக்கொண்டு பொரிக்கும். பாசி மண்டிய நாளில் குழிகள் கண்ணில் படுவதே இல்லை.

ஆழமில்லாத ஏரி பாசியோடு தெளிந்தும் இருக்கும், பாசியின்றிக் கலங்கியும் இருக்கும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் சட்டென்று தாவிவிடும் என்று நெதர்லாந்தின் மார்ட்டன் ஷெஃபர் 1990-களில் எழுதினார். பாசி செத்தால் சேற்றைப் பிடித்துவைக்க வேர் இல்லை. காற்றடித்தாலே தண்ணீர் கலங்கும். எங்கள் ஏரி சில ஆண்டுகள் அப்படியே நின்றுவிடுவதும் உண்டு. வேலம்பாசி லேசுப்பட்டதல்ல, அதன் கிழங்கு சேற்றுக்குள் உயிரோடு கிடக்கும், வெயில் எட்டினால் முளைத்துவிடும். அதற்குள் ஒரு மூங்கில் கழியோடு இறங்கிப் பள்ளமெல்லாம் எங்கே என்று அளந்துவைத்துக்கொள்கிறேன்.