காலூன்றும் வரை சம்பளம்

ஹனோவர், ஜெர்மனி

கீழ்க்கால் எலும்பு முறிந்து வீட்டில் இருந்த எங்கள் ஃபோர்மேன் இந்த வாரம் வேலைக்குத் திரும்பினார், தினம் இரண்டே மணி நேரத்துக்கு. அன்றிரவே அம்பத்தூரிலிருந்து சித்தப்பா மகன் போன்: "அண்ணே, திங்கக்கிழமை லேத்துல நிக்கப் போறேன்." அவனுக்கும் அதே எலும்புதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மழையில் பைக் பள்ளத்தில் இறங்கிவிட்டது. உள்ளே ராடு வைத்திருக்கிறார்கள். இன்னும் வாக்கரை விடவில்லை. எனக்குத் தூக்கம் போய்விட்டது.

இங்கே உடம்பு முடியாமல் வீட்டில் இருந்தால், முதல் 6 வாரம் முதலாளி முழுச் சம்பளம் தர வேண்டும். பிறகு மருத்துவக் காப்பீடு மொத்தச் சம்பளத்தில் 70 சதவீதம் வரை தரும். ஒரே நோய்க்கு, 3 ஆண்டுகளுக்குள் 78 வாரம். கால் ஓரளவு தேறியதும் டாக்டர் திட்டம் எழுதுவார்: இரண்டு மணி நேரம், பிறகு நான்கு, பிறகு ஆறு. ஹாம்பர்க் முறை என்பார்கள். அந்த நாட்களிலும் சட்டப்படி தொழிலாளி நோயாளிதான், காப்பீட்டுப் பணம் வந்துகொண்டிருக்கும். வலித்தால் நிறுத்திக்கொள்ளலாம்.

1948-லேயே இ.எஸ்.ஐ. சட்டம் போட்ட நாடு நம்முடையது. வேலைக்கு வெளியே அடிபட்டால் அதன்படி சம்பளத்தில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள். ஆனால் கீழ்க்கால் எலும்பின் முன்பக்கம் தோல் மட்டும்தான், சதை இல்லை. ரத்த ஓட்டம் குறைவு. கூடுவதற்கே பல நேரம் நான்கைந்து மாதம் ஆகும். அந்த 91 நாளும் தம்பிக்கு இல்லை: அவன் பட்டறையில் ஆறேழு பேர். பத்துப் பேருக்குக் குறைந்தால் இ.எஸ்.ஐ. கட்டாயமே இல்லை.

எலும்பு கூடினாலும் நடை வந்துவிடாது. தொடை சூம்பிவிடும், கணுக்கால் இறுகிவிடும், மனசு காலை நம்பாது. ஃபோர்மேனை எடை மெஷின் மேல் காலை ஊன்றவைத்து, முள் 20 கிலோவில் நிற்கும்வரை பழக்கினாராம் பிசியோதெரபிஸ்ட். தம்பிக்குச் சொன்னது "மெதுவா நடங்க" என்பது மட்டும்.

ஆனால் ஃபோர்மேன் தேறியது தனி வீட்டில், தனியாக. அம்பத்தூரில் சித்தி ஆட்டுக்கால் சூப்போடு நிற்கிறாள். அரக்கோணம் வழியாக ரயிலேறிப் போய்ப் புத்தூர் கட்டு போட்டுவந்த எதிர்வீட்டுத் தாத்தா, சாயங்காலமானால் வாக்கருக்கு முன்னால் நடந்து தெருப்பிள்ளைகளை விலக்கிவிடுகிறார். அதைக் கேட்கும்போது எனக்கு அம்பத்தூருக்கே ஓடிவிடத் தோன்றுகிறது. இந்த ஊரின் எந்தச் சட்டத்தாலும் தர முடியாதது அது.

தம்பிக்கு மூன்று மாதச் சம்பளம் அனுப்பிவிட்டேன். திங்கட்கிழமை அவன் போகமாட்டான். அம்பத்தூர் எஸ்டேட்டைச் சுற்றிப் பட்டறை வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள்: கால் முறிந்த ஆளின் லேத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிடாதீர்கள். முதலில் உட்கார்ந்து செய்யும் வேலையாக, இரண்டு மணி நேரம் கொடுங்கள்.