ஆலும் பவளமும்

ஆலமரத்திற்கும் கடலடியில் வளரும் பவளத்திற்கும் என்ன உறவு? ஒன்று தாவரம், மற்றொன்று முதுகெலும்பில்லாப் பிராணி. ஆயினும், இவ்விரண்டின் வாழ்வையும் ஒப்பிட்டு நோக்குங்கால், நம் குடும்பங்களே நினைவிற்கு வருகின்றன.

ஆல் தன் கிளைகளினின்று விழுதுகளை இறக்குகிறது. அவை மண்ணிற் பதிந்து தூண்களாகின்றன. கல்கத்தாவை அடுத்த சிப்பூர் தாவரத் தோட்டத்திலுள்ள பேராலின் அடிமரம் பூஞ்சை நோயால் அழுகியமையால், 1925-ஆம் ஆண்டில் வெட்டி அகற்றப்பட்டது. மரமோ விழுதுகளை ஊன்றி இன்றும் பசுமையாக நிற்கிறது. அங்கே மக்கள் மூதாதையைத் தாங்குகின்றனர்.

பவளத்தில் முறை வேறு. சில மில்லிமீட்டரே அகலமுள்ள சிற்றுயிர்கள் கடல்நீரிலுள்ள சுண்ணத்தைக் கொண்டு கூடு கட்டுகின்றன. முன்னவை விட்டுச்சென்ற கூட்டின்மேல் பின்னவை கட்டுகின்றன. இங்கே மூதாதையர் மக்களைத் தாங்குகின்றனர். அவற்றின் உடலில் குடியிருக்கும் நுண்பாசிகள், கதிரவன் ஒளியில் ஆக்கிய உணவைப் பகிர்ந்தளிக்கின்றன. கடல் அளவுமீறிச் சூடேறின் பாசிகள் பிரிகின்றன, பவளம் வெளுக்கிறது, வெம்மை நீடித்தால் மடிகிறது. 2016-ஆம் ஆண்டில் மன்னார் வளைகுடாவில் பவளங்கள் இவ்வாறு வெளுத்தன.

நாம் பிறந்தது தூத்துக்குடிக் கரையோரம். சிறுபிராயத்தில், வள்ளங்களில் வந்திறங்கிய கடற்கற்களைச் சுண்ணாம்புக் காளவாசலுக்கு நாமும் சுமந்ததுண்டு. கிடைத்த காசில் மிட்டாய் வாங்கித் தின்றோம். அவை உயிர்கள் கட்டிய வீடுகள் என்று எவரும் நமக்குச் சொல்லவில்லை; நாமும் கேட்கவில்லை.

கல்லெடுத்தமையால் அலைதடுப்பை இழந்த விலாங்குசல்லி, பூவரசன்பட்டி என்னும் இரு தீவுகள் நீரில் அமிழ்ந்தன. 2001-ஆம் ஆண்டில் பவளங்கள் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்க் கொண்டுவரப்பட்டன. அண்மையில் முதிய மீனவர் ஒருவர் நம்மிடம், "கல்லுன்னு நெனச்சு எங்க மதிலையே பேத்துட்டோம், சாமி" என்றார். நமக்கு மறுமொழி எழவில்லை. அவர் பெயர்த்த கல்லை நாமன்றோ சுமந்தோம்!

அடிமரம் போயினும் விழுதுகள் ஆலைக் காக்கும். பவளத்தின் அடித்தளத்தைப் பெயர்த்தால், அடுத்த தலைமுறை கட்டுவதற்கு இடமேது?

நம் அன்னை வாழ்ந்த வீட்டுச் சுவரில், காரை உதிர்ந்த இடங்களில் நட்சத்திரக் குழிகளுடைய கற்கள் இன்றும் தெரிகின்றன. "இந்தப் பூவை யார் செதுக்கினார்கள்?" என்று நம் தங்கையின் பேத்தி கேட்டாள். செதுக்கியவை யாவை, சுமந்தவர் யார் என்பதனைத்தையும் மறைக்காது சொன்னோம். அவள் அக்குழிகளை மெல்லத் தடவிக்கொண்டே நின்றாள்.